பழுப்புச் சட்டையும் சிவப்பு அட்டையும்

நாஜி காலத்து ஜெர்மன் போதகர்கள் என்றால் மார்ட்டின் நீமோல்லர், டீட்ரிக் போன்ஹோஃபர் என்று இரண்டு பெயர்கள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். அன்று அங்கே சுமார் 18,000 புரோட்டஸ்டண்ட் போதகர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்?

கதை 1918 நவம்பரில் தொடங்குகிறது. பிரஷ்யாவின் மன்னராகவும் இருந்த ஜெர்மன் பேரரசர் கைசர் முடி துறந்தபோது, ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் திருச்சபை தன் தலைவரையும் இழந்தது. அங்கே மன்னர்தான் சபைக்கும் தலைவர். அடுத்த ஆண்டு வந்த வைமார் அரசியல் சட்டம், அரசுத் திருச்சபை இனி இல்லை என்றது. சபை வரி நிற்கவில்லை, ஆனாலும் போதகர்களில் பெரும்பாலோருக்குக் குடியரசு பிடிக்கவே இல்லை. 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் பலர் மகிழ்ந்தார்கள். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தளபதியாக இருந்த நீமோல்லரும் அவர்களில் ஒருவர். பிறகு எதிரெதிரே நின்றவர்கள் எல்லாம் கிளம்பியது ஒரே வீட்டிலிருந்துதான்.

முதல் அணி, 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்'. தங்களை இயேசு கிறிஸ்துவின் எஸ்.ஏ. படை என்றே சொல்லிக்கொண்டார்கள் (எஸ்.ஏ. என்பது பழுப்புச் சட்டை போட்ட நாஜி அடியாள் படை). 1933 ஜூலை சபைத் தேர்தலுக்கு முந்தைய இரவு ஹிட்லரே வானொலியில் இவர்களுக்காகப் பேசினார். சுமார் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் இவர்களுக்குக் கிடைத்தன. செப்டம்பரில் கூடிய பிரஷ்யத் திருச்சபைப் பேரவைக்கு (சினாடு) பலர் பழுப்புச் சீருடையிலேயே வந்து, யூத வம்சாவளியினர் போதகராக இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நவம்பர் 13 அன்று பெர்லின் விளையாட்டரங்கில் 20,000 பேர் முன்னால் ரெய்ன்ஹோல்ட் க்ராவுஸ என்பவர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியச் சொன்னார். அரங்கில் கைதட்டல். வெளியே இருந்த பக்தர்களுக்கு அதிர்ச்சி. அணி அதன்பின் சிதறத் தொடங்கியது.

எதிரணி, 'அறிக்கைத் திருச்சபை'. நீமோல்லர் தொடங்கிய போதகர் அவசரக் கூட்டமைப்பில் 1934 தொடக்கத்தில் சுமார் 7,000 பேர் இருந்தார்கள். அந்த மே மாதம் பார்மன் என்ற ஊரில் 139 பிரதிநிதிகள் கூடினார்கள் (ஒரே ஒரு பெண்). இறையியலாளர் கார்ல் பார்த் பெருமளவு எழுதிய அறிக்கை, சபைக்கு ஆண்டவர் கிறிஸ்து ஒருவரே என்றது. உறுப்பினர்களுக்குச் சிவப்பு அட்டை. கைதானவர்களின் பெயர்கள் ஆராதனையில் வாசிக்கப்பட்டன. இதற்குத் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஞானஸ்நானம் பெற்ற யூதரைப் போதகர் பதவியிலிருந்து நீக்காதே என்பதுதான் சண்டை. ஞானஸ்நானம் பெறாதவர்களை என்ன செய்வது என்பதை அரசிடம் விட்டுவிட்டார்கள். 1936-இல் ஹிட்லருக்கு அனுப்பிய குறிப்பாணை ஒன்று யூத வெறுப்பைத் தொட்டது உண்மை. அது வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கசிந்ததும், சபைத் தலைமையின் அலுவலகத்தில் வேலை பார்த்த சட்ட ஆலோசகர் ஃப்ரீட்ரிக் வைஸ்லர் கைதானார். பிறப்பால் யூதர் அவர். தலைமை அவரைக் கைவிட்டது. 1937 பிப்ரவரியில் ஸாக்ஸன்ஹவுஸன் முகாமில் அடித்தே கொல்லப்பட்டார்.

மூன்றாவது தரப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பவேரியாவின் மைஸர், வுர்ட்டம்பர்க்கின் வுர்ம் போன்ற பேராயர்கள் தங்கள் சபைகளை நாஜி ஆதரவு மத்தியத் திருச்சபை நிர்வாகத்திடம் ஒப்படைக்க மறுத்தார்கள். 1934 இலையுதிர்காலத்தில் இருவரும் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டபோது விசுவாசிகள் தெருவுக்கு வந்தார்கள். ஹிட்லர் இறங்கிவந்தார், பேராயர்கள் பதவியில் நீடித்தார்கள். என் கணக்கில் மற்ற இரு தரப்பையும்விட இதுதான் அதிகம் உறுத்துகிறது. கூட்டம் கூடினால் ஆட்சி பின்வாங்கும் என்று தெரிந்துவிட்டது. யூதர்களுக்காக அப்படி ஒரு கூட்டம் கூடவில்லை.

சரி, மேடையை விட்டுப் போதகரின் அலுவலக மேசைக்கு வருவோம். 1933 ஏப்ரல் சட்டத்துக்குப் பிறகு அரசு வேலைக்கு 'ஆரியர்' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. தாத்தா பாட்டி பிறந்த காலத்தில் பெரும்பாலான இடங்களில் சிவில் பதிவு கிடையாது. ஆதாரம் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு மட்டுமே. மனுக்கள் குவிந்தன. மூன்று தரப்புப் போதகர்களும் அந்தத் தடித்த புத்தகத்தைப் புரட்டி, பெயரும் தேதியும் பெற்றோரும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். தாத்தா முப்பது வயதில் ஞானஸ்நானம் பெற்றார், அதற்கு முன் யூதர் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தால், பேரனுக்கு வேலை போனது.