வளவு வீட்டைப் பழுது பார்க்கக் கொடுத்தோம்: காரைக்குடி ஆர்க்கிடெக்ட் எப்படி?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பாட்டையா கட்டியது வளவு வீடு, அதாவது நடுவில் முற்றமும் சுற்றி அறைகளும் உள்ள வீடு. அதன் இரண்டாம் கட்டு, முன்கட்டுக்கு அடுத்த உள்பகுதி, ஒழுக ஆரம்பித்ததும், பங்காளிகள் கூடிப் பேசி காரைக்குடியில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தைப் பிடித்தோம். மாடியில் ஒரே அறை, மூன்று பேர். நடத்துகிறவர் கொத்தனார் மகன். சென்னையில் படித்து, பெரிய கம்பெனியில் கண்ணாடிக் கட்டடங்களாக வரைந்து அலுத்து ஊர் திரும்பியவர். முதல் சில வருடம் யாரும் பழைய வீட்டை நம்பித் தரவில்லையாம். காம்பவுண்டுச் சுவர், கழிவறை என்றே ஓட்டியிருக்கிறார்.

வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார். முன்பு யாரோ சிமெண்ட் பூசிய இடத்தைக் காட்டி, "இதுதாண்ணே ஈரத்த வெளிய விடாமப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார். அதைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூச வைத்தார். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அவருடைய அப்பாவே வந்து நின்று, இளவட்டங்களுக்குக் கரணை பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். அந்த வயதில் என்ன லாகவம்!

பெயர்ந்த தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் கலவை ஊற்றிக் கையால் செய்வது, பழைய நிறம் அப்படியே வராது என்று முன்பே சொல்லிவிட்டார். ஆச்சிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

குறை இல்லாமல் இல்லை. போனை எடுக்க மாட்டார். பில் கேட்டுக் கேட்டுத்தான் வரும். சுண்ணாம்பு காய நாள் பிடிக்கும், கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு இவரிடம் போகாதீர்கள். அப்புறம், பர்மா தேக்குத் தூணுக்கு வார்னிஷ் அடிக்கச் சொன்னோம். முடியவே முடியாது என்றுவிட்டார். "வீடு நம்முதா, அவருதா?" என்று சித்தப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.