புக்கிங் தாளை டிக்கட் என்று நம்பி கட்டுநாயக்க விமான நிலையம் வரை போனேன்

ஹட்டன் டவுனில் ஒரு மாடியில் ஒபிஸ் வைத்திருக்கும் பயண முகவர் ஒருவரிடம் 185,000 ரூபா கொடுத்து ஏமாந்தேன். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. வேலைக்கு என்றில்லாமல் சும்மா ஊர் சுற்றவும் வெளிநாடு போக நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

எனக்கு வயது 25. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் மூன்று வருடம் நின்று சேர்த்த காசு. ஹனோயில் இறங்கி, வியட்நாமைப் பஸ்ஸிலேயே தெற்குவரை பார்த்துவிட்டு, கம்போடியா, அப்புறம் தாய்லாந்து என்று ஐந்து மாதத் திட்டம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் விடுதிகள்தான் கட்டுப்படியாகும். தோட்டத்து லயக் காம்பராவில் ஆறு பேராகப் படுத்து வளர்ந்தவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. "வேலைக்கா போற?" "இல்ல, சுத்திப் பாக்க." தோட்டத்தில் இதைக் கேட்ட எல்லாரும் என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள்.

2024இல் பாஸ்போட் புத்தகத் தட்டுப்பாடு இருந்தது நினைவிருக்கும். பத்தரமுல்லையில் விடிய விடிய வரிசையில் நின்று எடுத்த பாஸ்போட்டை அந்த ஆளிடம் நீட்டினேன். அவர் அதைத் திறக்கக்கூட இல்லை. "எந்தத் தோட்டம் தம்பி?" என்றார். சொன்னேன். "அட, நம்ம பக்கம்தானே! ஒங்க தாத்தாவ எங்கப்பாவுக்குத் தெரியும்." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். தாத்தா பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர் போட்ட கணக்கு: டிக்கட் 96,000, வியட்நாம் விசா 28,000, தாய்லாந்து விசா 24,000, இன்சூரன்ஸ் 12,000, சேவைக் கட்டணம் 25,000. அம்மாவின் நாள் சம்பளம் அப்போது 1,350 ரூபா. அவர் கிட்டத்தட்ட 137 நாள் கொழுந்து பறித்தால்தான் அந்தத் தொகை வரும். இந்தக் கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

வியட்நாம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா நாட்டவருக்கும் 90 நாள் இ-விசா கொடுக்கிறது. அவர்களுடைய அரசாங்கத் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், ஒருமுறை நுழைய 25 டொலர். நம் காசுக்கு அப்போது எட்டாயிரத்தைத் தொடவில்லை. தாய்லாந்து விசா இன்னும் மோசம். 2024 ஜூலையிலிருந்து இலங்கையர் 60 நாள் விசா இல்லாமலே அங்கே போகலாம் என்று ஆகியிருந்தது. இல்லாத விசாவுக்குத்தான் 24,000 கொடுத்திருக்கிறேன். (இந்த விதிகள் அடிக்கடி மாறும். போகும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.)

இதெல்லாம் சரி, கூடக் காசு வாங்கிவிட்டார் என்று விட்டுவிடலாம். டிக்கட்தான் அடி.

அவர் தந்த தாளில் என் பெயர், விமான இலக்கம், கோலாலம்பூரில் மாறும் நேரம், ஆறு எழுத்தில் ஒரு புக்கிங் கோட் எல்லாம் இருந்தன. விமானக் கம்பெனித் தளத்தில் அந்த ஆறு எழுத்தைத் தன் கணினியிலேயே போட்டுக் காட்டினார். என் பெயர் வந்தது. வேறென்ன வேண்டும்?

ஜனவரி மாதம் ஒரு இரவு, கட்டுநாயக்க கவுண்டர். அங்கிருந்த பெண் மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு டிக்கட் இலக்கத்தைக் கேட்டார். நான் அந்த ஆறு எழுத்தைக் காட்டினேன். "இது புக்கிங் மட்டும். காசு கட்டல்ல. நாலு நாளைக்கு முந்தியே கென்சலாகிட்டு." பின்னால் நின்றவரின் டிரொலி என் குதிகாலில் இடித்துக்கொண்டே இருந்தது. முகவரின் போன் அணைந்திருந்தது.

முகவர்கள் காசு கட்டாமலே ஒரு இடத்தைச் சில நாள் பிடித்து வைக்கலாம். அந்த நாட்களில் தளத்தில் பெயர் காட்டும். கெடு முடிந்தால் தானாகவே அழிந்துவிடும். காசு கட்டி டிக்கட் எழுதினால்தான் 13 இலக்க டிக்கட் நம்பர் வரும். அதன் முதல் மூன்று இலக்கம் விமானக் கம்பெனியின் குறியீடு. என் தாளில் அந்த நம்பரே இல்லை. அந்த நம்பரைக் கேளுங்கள், அப்புறம் கம்பெனிக்கே போன் போட்டு உறுதிப்படுத்துங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொரு தரம்.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து, அம்மா கட்டித் தந்த ரொட்டியையும் கட்ட சம்பலையும் தின்றேன். மாரியம்மன் கோயில் திருநீறு அந்தப் பொதியிலேயே மடித்து வைத்திருந்தது. ஊருக்குத் திரும்ப முகமில்லை. கொட்டாஞ்சேனையில் நண்பன் அறையில் ஒன்பது நாள் ஒளிந்திருந்து, "ஹனோய்ல நல்ல குளிர்மா" என்று வட்ஸ்அப்பில் பொய் சொன்னேன். வியட்நாம் விசா மட்டும் உண்மையானது, நாளும் மிச்சமிருந்தது. பத்தாம் நாள் பேங்க் கார்டால் நானே டிக்கட் வாங்கிப் போனேன். ஐந்து மாதம் மூன்றானது.

திரும்பி வந்து கேட்டபோது முகவர் இரண்டு தவணையில் 40,000 தந்தார். மீதிக்கு முறைப்பாடு செய்யப் போனால், அவர் தந்த பில்லில் டிக்கட் என்ற சொல்லே இல்லை. "ஆலோசனைக் கட்டணம்" என்று ஒரே வரி. காசு போனதும் அவருடைய சொந்தக் கணக்குக்கு. 25 வயதில் ஒரு பில்லை வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

போன வாரம் மாமா மகள் போன் பண்ணினாள். அதே மாடி, அதே ஆள். இப்போது அவுஸ்திரேலியாவில் ஒரு வருடம் வேலை செய்துகொண்டே சுற்றிப் பார்க்கும் விசாவாம், மூன்றரை லட்சம். சாட்சிக்கு இந்தியப் பையன் ஒருவனின் விசாவைக் காட்டியிருக்கிறார். இந்தியா அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது, அதுவும் குலுக்கல் முறையில். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. கொடுக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தப் படியில் அவளோடு இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்களாம். அவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது.