கணக்கு எழுதாத ஹைப்போ பாட்டில்: வடசென்னையில் பிலிம் கழுவுவோர் கவனத்துக்கு

வீட்டிலேயே கருப்பு வெள்ளை பிலிம் கழுவும் நண்பர்கள், குறிப்பாக வண்ணாரப்பேட்டை, இராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள், கலந்து வைத்த டெவலப்பரையும் (பிலிமில் படத்தை வரவழைக்கும் மருந்து) ஹைப்போவையும் (வந்த படத்தை நிலைக்க வைக்கும் மருந்து, ஃபிக்ஸர் என்பதும் இதைத்தான்) பாட்டிலில் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். விற்றவரின் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் எழுதப்போவதில்லை. ஒருகாலத்தில் ஸ்டூடியோ நடத்தியவர், வயதில் பெரியவர் என்பது போதும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் என் அத்தை குடியிருந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கேமராவில் ஒரு எச்பி5 கருப்பு வெள்ளை பிலிம் ரோலை மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அங்கேயே இருந்தேன். திண்ணைத் தூண், முற்றத்தில் விழும் வெயில், அத்தையின் கை பட்டுப் பட்டு வழவழப்பான அம்மிக்கல் என்று 36 படங்கள். வழக்கமாகப் பொட்டலம் வாங்கி நானே டி-76 என்ற டெவலப்பரைக் கலக்குவேன். அந்த வாரம் கையிருப்பு தீர்ந்துவிட்டது, எனக்கோ பொறுமை இல்லை. இந்தப் பெரியவரிடம் போனேன். "நேத்துதான் கலக்கினேன் தம்பி, கை படாத சரக்கு" என்று சொல்லி இரண்டு பழுப்பு நிற பாட்டில்களை எடுத்து வைத்தார். இரண்டுக்கும் சேர்த்து 800 ரூபாய் கொடுத்தேன். மூடியைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் சூட்டுக்கு ஐஸ் வைத்த டப்பில் பாட்டிலை நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஏழரை நிமிடம் டெவலப்பரில் விட்டு, ஹைப்போவில் ஐந்து நிமிடம் வைத்து, பிலிம் கழுவும் டேங்கைத் திறந்தேன். ரீலில் இருந்த பிலிம், நீர் கலந்த மோரில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்து, ஊதா சாயலோடு மங்கிக் கிடந்தது. பால்போல் இருப்பது ஹைப்போவின் குறை என்பதால், கூரியரில் புது ஃபிக்ஸர் வரவழைத்து மறுபடி போட்டபோது அது தெளிந்துவிட்டது. ஆனால் தெளிந்த பிறகுதான் உண்மையான நஷ்டம் தெரிந்தது: அத்தை வீடு முழுவதும் புகைபோல் மெலிந்திருந்தது. என் எக்ஸ்போஷர்தான் தவறோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. பிலிமின் ஓரத்தில் கம்பெனியே அச்சிட்டு அனுப்பும் எழுத்துகளும் எண்களும் என் கேமராவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவையும் வெளிறியிருந்தன, எனவே பழி டெவலப்பர் மேல்தான். ஹைப்போவின் குறையைப் பிறகும் திருத்தலாம்; டெவலப்பர் கொண்டுவராமல் விட்டதை ஹைப்போவில் போட்ட பிறகு எவராலும் கொண்டுவர முடியாது.

மீதியிருந்த இரண்டையும் சோதித்தேன். வெளிச்சம் பட்ட பிலிம் நுனியை டெவலப்பரில் போட்டால் சில நிமிடங்களில் கரியாகக் கறுக்க வேண்டும். இதில் சாம்பல் நிறத்தைத் தாண்டவில்லை. திரவமோ டீத்தண்ணீர் நிறம். கழுவாத இன்னொரு துண்டை ஹைப்போவில் போட்டேன். நான் வரவழைத்த புது ரேபிட் ஃபிக்ஸரில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கண்ணாடியாகத் தெளிந்த அதே பிலிம், இதில் பத்து நிமிடம் கழிந்தும் பாலாகவே இருந்தது. சாதாரண ஹைப்போ சற்று மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று விட்டுக்கொடுத்தாலும் இது அதிகம். கடைசியாக, ஒரு கரண்ட் ஒயரின் ரப்பரை உரித்து, செம்புக் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு ஃபிக்ஸரிலும் நனைத்தேன். புதியதில் செம்பு செம்பாகவே இருந்தது. அவருடைய பாட்டிலில் கம்பி சிறிது நேரத்தில் வெள்ளி பூசிக்கொண்டு வெளியே வந்தது. புது ஹைப்போவில் வெள்ளி இருக்க வழியே இல்லை. அது பிலிமிலிருந்து கரைந்து இறங்குவது. டெவலப்பர் வெறுமனே காற்றுப் பட்டுக் கெட்டதாகவும் இருக்கலாம் என்று நியாயமாகவே ஒப்புக்கொள்கிறேன். ஹைப்போ விஷயத்தில் அந்தச் சந்தேகமும் இல்லை.

பாட்டிலோடு திரும்பிப் போய்க் கேட்டேன். "எக்ஸ்ரே எடுக்கிற இடத்துல இருந்து வர்றது தம்பி, வடிகட்டித்தான் குடுக்கிறேன், யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லையே" என்றார். வடிகட்டினால் தூசிதான் போகும், கரைந்த வெள்ளி போகாது. வெள்ளி ஏறிப்போன ஹைப்போவில் பிலிம் தெளிந்ததுபோல் தோன்றினாலும், தண்ணீரில் எளிதாகக் கழுவிப் போகாத கலவைகள் உள்ளே தங்கி, நாளடைவில் பழுப்புக் கறையாக வெளிப்படும்.

ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி பயன்படுத்துவதை நான் குறை சொல்லவில்லை, நானும் செய்கிறேன். ஒன்றுக்கு நான்கு தண்ணீர் சேர்த்த இல்ஃபோர்டு ரேபிட் ஃபிக்ஸர் ஒரு லிட்டரில் 24 ரோல் வரை கழுவலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. கலக்கிய பிறகு மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காத ஐடி-11 டெவலப்பரையும், ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தைப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போய், லிட்டருக்குப் பத்து ரோல் வரை கொண்டுபோகலாம். சமமாகத் தண்ணீர் கலந்தால் மட்டும் ஒருமுறையோடு கொட்டிவிட வேண்டும். என் பாட்டில்களில் ஒட்டிய காகித டேப்பில் கலக்கிய தேதியும், ரோலுக்கு ஒரு கோடும் இருக்கும். தெளியும் நேரம் முதல் நாளைவிட இரு மடங்கானால், கோடு எத்தனை இருந்தாலும் அந்த ஹைப்போ முடிந்தது. பழைய சரக்கென்று சொல்லி, இத்தனை ரோல் ஆயிற்று என்று எழுதிக் கொடுத்து, நூறு ரூபாய்க்கு விற்றிருந்தால்கூட ஏமாற்றினார் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. பதிலுக்கு வேறு இரண்டு பாட்டில் தருவதாகச் சொன்னார். பையிலிருந்த செம்புக் கம்பியை எடுத்து, "இதை ஒரு நிமிஷம் அதுல நனைச்சுப் பார்க்கட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். பாட்டிலை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டார். அத்தை வீடு இருந்த இடத்தில் இப்போது அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள்.