அமெரிக்காவை விடுவித்த சண்டை எது?

அமெரிக்க விடுதலைப் போரின் போக்கை முடிவு செய்த சண்டை எது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பெயர்கள் வரும்: டிரெண்டன், சரடோகா, யார்க்டவுன். பாடப்புத்தகத்துக்கும் வினாடி வினாவுக்கும் சரடோகாதான் சரியான விடை. நானும் ரொம்ப நாள் சரடோகா கட்சிதான். இப்போது இல்லை.

பெரிய சண்டை வேறு, போரை முடிவு செய்த சண்டை வேறு. அதனால் இரண்டே கேள்விகள் வைத்துக்கொள்கிறேன். அந்தச் சண்டை வேறு மாதிரி முடிந்திருக்க நிஜமாகவே வாய்ப்பு இருந்ததா? அப்படி முடிந்திருந்தால் போரின் முடிவே மாறியிருக்குமா?

டிரெண்டனிலிருந்து தொடங்கலாம். 1776 கடைசியில் வாஷிங்டனின் நிலைமை பரிதாபம். நியூயார்க் கைவிட்டுப் போயாயிற்று. நவம்பர் 16 அன்று ஒரே நாளில் சுமார் 2,800 பேர் சிறைப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோருக்கு டிசம்பர் 31 வரைதான் ஒப்பந்தம். அப்புறம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம். புதிய ஆட்கள் சேராவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரிதான் என்று வாஷிங்டனே தன் சகோதரருக்கு எழுதினார். இந்த நிலையில்தான் கிறிஸ்துமஸ் இரவு, பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றை 2,400 பேர் படகில் கடந்தார்கள். மூன்று இடங்களில் கடக்கத் திட்டம். மற்ற இரண்டு அணிகளால் முடியவில்லை. காலை எட்டு மணிக்கு டிரெண்டனில் இருந்த ஜெர்மானியக் கூலிப்படையை மடக்கி, சுமார் 900 பேரைப் பிடித்தார்கள். ஆறு வாரம் கூடுதலாக இருந்தால் ஆளுக்குப் பத்து டாலர் என்று வாஷிங்டன் கேட்டபோது, பலர் தங்கிவிட்டார்கள்.

என் முதல் கேள்வியில் டிரெண்டன் சுலபமாகத் தேறிவிடும். இரண்டாவதிலும் பாதி மதிப்பெண் உண்டு. அன்று தோற்றிருந்தால் படையே கலைந்திருக்கலாம். ஆனால் அது தோல்வியைத் தள்ளிப்போட்ட சண்டை. அதற்குப் பிறகும் போர் ஆறு வருடம் இழுத்தது.

சரி, சரடோகா. 1777 அக்டோபர் 17 அன்று ஆங்கிலேய ஜெனரல் பர்கோய்ன் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். செய்தி டிசம்பர் தொடக்கத்தில் பாரிஸை எட்டியது. 1778 பிப்ரவரி 6 அன்று பிரான்ஸ் அமெரிக்காவுடன் கூட்டணி ஒப்பந்தம் போட்டது. சரடோகா கட்சியின் வாதம் முழுவதும் இதுதான், லேசான வாதமும் இல்லை. அந்த ஒப்பந்தத்தின் அதிர்வு நம் கரையையே தொட்டது: அதே 1778 அக்டோபரில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அடுத்த வருடம் மாஹேயையும் பிடிக்க, ஹைதர் அலி கொதித்துப்போய்ப் படையெடுத்து வந்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. நியூயார்க் காட்டுக்குள் நடந்த ஒரு சண்டையின் கணக்கு காஞ்சிபுரத்தில் தீர்க்கப்பட்டதென்றால், அது சின்னச் சண்டை இல்லைதான்.

ஆனாலும் என் முதல் கேள்வியில் அது தடுமாறுகிறது. அக்டோபரில் பர்கோய்ன் ஏற்கெனவே பொறியில் சிக்கிய எலி. கனடாவிலிருந்து வர வேண்டிய உணவு வரவில்லை. பென்னிங்டனில் தொள்ளாயிரம் பேர் அளவுக்கு இழந்திருந்தார். மேற்கிலிருந்து வர வேண்டிய செயின்ட் லெஜர் பாதியிலேயே திரும்பிவிட்டார். தெற்கிலிருந்து கை கொடுக்க வேண்டிய ஜெனரல் ஹோவோ பிலடெல்பியாவைப் பிடிக்கப் போய்விட்டார். சரடோகாவில் யார் எப்படிச் சண்டை போட்டிருந்தாலும் பர்கோய்ன் தன் இலக்கான ஆல்பனி போய்ச் சேர்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரான்ஸும் சரடோகாவுக்காகக் காத்திருக்கவில்லை. 1776-லிருந்தே ஒரு போலி வணிக நிறுவனத்தின் பெயரில் வெடிமருந்தும் துப்பாக்கியும் அனுப்பிக்கொண்டிருந்தது. சரடோகா கொண்டுவந்த கூட்டணியாவது உடனே பலன் தந்ததா என்றால் அதுவும் இல்லை. 1778-ல் நியூபோர்ட்டில் சொதப்பல். 1779-ல் சவானாவில் ரத்தக்களரியான தோல்வி. 1780 மே மாதம் சார்லஸ்டனே விழுந்து, அமெரிக்கர்கள் ஐயாயிரம் பேர் சிறைப்பட்டார்கள். 1781 ஜனவரியில் பென்சில்வேனியாப் படை சம்பளம் வராத கோபத்தில் கலகம் செய்தது. சரடோகா முடிந்து மூன்றேகால் வருடம் ஆன பிறகு இருந்த நிலைமை இது.

யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19 அன்று ஆங்கிலேய ஜெனரல் கார்ன்வாலிஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு சரணடைந்தார். அதோடு லண்டனில் போர் வெறி அடங்கியது; பிரதமர் நார்த்தின் அமைச்சரவை அடுத்த மார்ச்சில் விழுந்தது. ஆனால் யார்க்டவுன் முற்றுகையை ஒரு சண்டை என்று சொல்லவே எனக்குத் தயக்கம். மூன்று பக்கம் அமெரிக்க, பிரெஞ்சு வீரர்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல், நான்காவது பக்கம் கடல். அந்தக் கடலும் மூடிவிட்டால் மிச்சம் வெறும் நாள் எண்ணுவதுதான்.

கடல் மூடியது 1781 செப்டம்பர் 5 அன்று, செசபீக் விரிகுடாவின் வாயில். என் ஓட்டு அந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான்.

பிரெஞ்சுத் தளபதி டி கிராஸ் விரிகுடாவுக்குள் நங்கூரம் போட்டிருந்தார். அவருடைய மாலுமிகள் ஏறக்குறைய 1,900 பேர் கரையில் வேலையாக இருந்தார்கள். அப்போது ஆங்கிலேய அட்மிரல் கிரேவ்ஸ் 19 போர்க்கப்பல்களோடு வந்துவிட்டார். நங்கூரம் தூக்க நேரமில்லை. கயிறுகளை வெட்டி, நுனியில் மிதவை கட்டிவிட்டு, பிரெஞ்சுக் கப்பல்கள் 24 ஒவ்வொன்றாக, முன்னும் பின்னுமாக வெளியே வந்தன. காற்றும் கிரேவ்ஸ் பக்கம். அப்போதே பாய்ந்திருந்தால் முன்னால் வந்த கப்பல்களைத் தனியாக மடக்கியிருக்கலாம். அவரோ தன் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, எதிரியும் வரிசை கட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. கிரேவ்ஸின் கொடிமரத்தில் 'வரிசை கலையாதே' என்ற கொடியும் 'நெருங்கிப் போரிடு' என்ற கொடியும் சேர்ந்தே பறந்தன. கடைசி அணிக்குத் தலைவரான ஹூட் முதல் கொடிக்குக் கீழ்ப்படிந்தார். அவர் அணி சண்டையில் கிட்டத்தட்டச் சேரவே இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தொடங்கிய பீரங்கிச் சத்தம் இருட்டுவதற்குள் ஓய்ந்தது. ஆங்கிலேயர் தரப்பில் இறந்தவர்கள் 90 பேர். அன்று ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை.

அதன்பின் இரு படைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி தெற்கே நகர்ந்துகொண்டிருக்க, நியூபோர்ட்டிலிருந்து இன்னொரு பிரெஞ்சு அணி முற்றுகைப் பீரங்கிகளோடு சத்தமில்லாமல் விரிகுடாவுக்குள் நுழைந்துவிட்டது. கிரேவ்ஸ் நியூயார்க் திரும்பினார். அங்கிருந்து மீட்புப்படை புறப்பட்ட தேதி அக்டோபர் 19. கார்ன்வாலிஸ் சரணடைந்த அதே நாள்.

ஒரு கப்பலும் மூழ்காத, ஓர் அமெரிக்கப் படைப்பிரிவும் கலந்துகொள்ளாத சண்டையா அமெரிக்காவை விடுவித்தது என்று கேட்பார்கள். கிரேவ்ஸ் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். கார்ன்வாலிஸ் கப்பலேறித் தப்பியிருப்பார். டி கிராஸ் அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகளுக்குத் திரும்பியாக வேண்டும். இன்னொரு வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு கஜானா வற்றிக்கொண்டிருந்தது. அவரவர் பிடித்த இடம் அவரவருக்கு என்று சண்டை நிறுத்தம் செய்துகொள்ளலாமா என்று வெளியுறவு அமைச்சர் வெர்ஜென் 1781 தொடக்கத்திலேயே யோசித்திருந்தார். அப்படி முடிந்திருந்தால் நியூயார்க், சார்லஸ்டன், சவானா மூன்றும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்திருக்கும். பதின்மூன்று மாநிலங்கள் என்ற கணக்கே தப்பியிருக்கும்.

கடல்தான் முக்கியம் என்று சொல்ல இன்னொரு சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. டி கிராஸ் 1781 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பியபோது கூடவே இன்னொரு பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் ஐந்து கப்பல்களும் வந்தன. ஒரு வாரத்தில் வழி பிரிந்தது: டி கிராஸ் மேற்கே, சஃப்ரன் சோழமண்டலக் கரைக்கு. 1783 ஜூனில் கடலூரில் நடந்தது யார்க்டவுனின் தலைகீழ்ப் பிரதி. உள்ளே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே முற்றுகையிட்ட ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை. ஜூன் 20 அன்று சஃப்ரனின் 15 கப்பல்கள் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸின் 18 கப்பல்களோடு மோதின. இங்கும் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் ஹியூஸ் மதராஸுக்குத் திரும்பிவிட்டார். சஃப்ரன் தன் ஆட்களைக் கரையிறக்கிப் புஸ்ஸிக்குக் கொடுத்தார். இப்போது நாள் எண்ண வேண்டியவர் ஸ்டூவர்ட்.

அவர் பிழைத்தது மாதக்கடைசியில் சமாதானச் செய்தியோடு ஒரு கப்பல் வந்ததால். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்ட சமாதானம் அது.