கீ சிக்னேச்சர்: கடைசி ஷார்ப் விதியா, செமிடோன் எண்ணுவதா, ஃபிஃப்த்ஸ் வட்டமா?

பாட்டு எந்த ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) இருக்கிறது என்று காட்ட, வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்தான் கீ சிக்னேச்சர். ஷார்ப் ஸ்வரத்தை ஒரு செமிடோன், அதாவது கீபோர்டில் அடுத்த கட்டை அளவு ஏற்றும்; ஃபிளாட் அதே அளவு இறக்கும். தியரி பரீட்சைத் தாளில் நான்கு ஷார்ப்பைப் போட்டு ‘இது எந்த மேஜர் ஸ்கேல்?’ என்று கேட்டால் ஃபிஃப்த்ஸ் வட்டம் வரைந்துகொண்டிருக்காதீர்கள். ஷார்ப்புகள் வரும் வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. நான்காவது டி ஷார்ப். அதற்கு ஒரு செமிடோன் மேலே ஈ. விடை ஈ மேஜர். ஃபிளாட் வரிசை இதன் தலைகீழ். அதில் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்தான் ஸ்கேலின் பெயர். பி, ஈ, ஏ என மூன்று ஃபிளாட் இருந்தால் ஈ ஃபிளாட் மேஜர். ஒரே ஃபிளாட் இருந்தால் ‘முந்தையது’ கிடையாது; எஃப் மேஜர் என்று நெட்டுருப் போடத்தான் வேண்டும். வேகத்தில் இந்த விதியை மற்ற இரண்டும் நெருங்காது. ஆனால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போடும்போது இது ஒன்றுக்கும் உதவாது.

இரண்டாவது வழி, கீபோர்டில் மேஜர் ஸ்கேலுக்கான 2-2-1-2-2-2-1 என்று செமிடோன் எண்ணுவது. காதுக்குத் தப்பே வராது, எழுதும்போதுதான் உதைக்கும். எஃப்பில் தொடங்குங்கள்: எஃப், ஜி, ஏ, அடுத்தது ஒரு கறுப்புக் கட்டை. அதை ஏ ஷார்ப் என்று எழுதினால் ஏ இரண்டு முறை வரும், பி காணாமல் போகும். ஏழு எழுத்தும் தலா ஒரு முறை வரவேண்டும் என்பதால் அது பி ஃபிளாட். சுருதியைக் கட்டைக் கணக்கில் பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் அதிகம். ஆறரைக் கட்டை (இதே கறுப்புக் கட்டை) என்றால் ஷார்ப்பா ஃபிளாட்டா என்ற கேள்வியே அங்கே இல்லையே.

மூன்றாவது வழி ஃபிஃப்த்ஸ் வட்டம்: ஒவ்வொரு ஸ்கேலுக்கும் அடுத்து அதன் ஐந்தாம் ஸ்வரத்தின் (ஃபிஃப்த்) ஸ்கேலை அடுக்கிய படம். அதில் சி-யை உச்சியில் வைத்து, வலப்பக்கமாக ஏழேழு செமிடோன் ஏறினால் சி, ஜி, டி, ஏ, ஈ, பி, எஃப் ஷார்ப். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஷார்ப் கூடும். பலர் சறுக்கும் இடம் பி. அதன் ஐந்தாம் ஸ்வரத்தை வெறும் எஃப் என்று எழுதிவிடுவார்கள். அது ஆறு செமிடோன்தான். இடப்பக்கம் எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்று ஃபிளாட் கூடிக்கொண்டே போகும். அடியில் எஃப் ஷார்ப்பும் ஜி ஃபிளாட்டும் ஒரே இடம், ஆளுக்கு ஆறு.

வட்டம் தன் விலையை மீட்பது கார்டில். சி-யின் இருபுறமும் எஃப், ஜி. உள்வட்டத்தில் இந்த மூன்றின் ரிலேட்டிவ் மைனர்களான (அதே கீ சிக்னேச்சர் உள்ள மைனர்களான) ஏ, டி, ஈ. சி மேஜரின் ஏழு கார்டுகளில் ஆறு பக்கத்துப் பக்கத்தில் கிடைத்துவிட்டன. விடுபட்டது பி டிமினிஷ்ட் மட்டும்.

ஸ்கேல் மாற்றவும் இதுவே வசதி. ஜி, ஈ மைனர், சி, டி என்று ஓடும் பாட்டைப் பாடகர் பி ஃபிளாட்டில் கேட்கிறார் என்று வையுங்கள். ஜி-யிலிருந்து பி ஃபிளாட் இடப்பக்கம் மூன்று படி. எல்லாக் கார்டையும் அதே மூன்று படி நகர்த்தினால் பி ஃபிளாட், ஜி மைனர், ஈ ஃபிளாட், எஃப். செமிடோன் எண்ணினாலும் இதே கார்டுகள்தான். ஆனால் பாதிப் பேர் ஏ ஷார்ப், டி ஷார்ப் என்று எழுதிக் கொடுத்து வாசிப்பவரைக் குழப்புவார்கள். கிடாரில் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு வட்டத்தில் ஒரு உபரி லாபமும் உண்டு. சி-யை ஸட்ஜமாக அசையாமல் வைத்துக்கொண்டு கீ சிக்னேச்சரை மட்டும் மாற்றுங்கள். ஷார்ப், ஃபிளாட் எதுவும் இல்லாதபோது சங்கராபரணம். வலப்பக்கம் ஒரு படி போனால் மத்திமம் ஏறிக் கல்யாணி. இடப்பக்கம் ஒரு படியில் ஹரிகாம்போதி, இரண்டில் கரகரப்பிரியா, மூன்றில் நடபைரவி, நான்கில் தோடி. ஸ்வர ஸ்தானம் மட்டும்தான் இது. கமகத்தை வட்டத்தில் தேடாதீர்கள்.

மூன்று முறையும் கைவிடும் இடம் மைனர். ஏ மைனருக்கு ஷார்ப்பும் இல்லை, ஃபிளாட்டும் இல்லை என்றுதான் விதியும் வட்டமும் சொல்லும். ஆனால் கீரவாணிக்கு இணையான ஏ ஹார்மோனிக் மைனரில் (ஏழாம் ஸ்வரம் ஏறிய மைனரில்) ஜி ஷார்ப் வரும். அதைக் கீ சிக்னேச்சரில் காட்டாமல், வரும் இடத்தில் ஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே எழுதுவார்கள். எண்ணிப் பார்ப்பதானாலும் மேஜருக்கான எண் வரிசை உதவாது. 2-1-2-2-1-3-1 என்று தனியாகப் பழக வேண்டும். கார்டிலும் இதே கதை: வட்டத்தில் கிடைத்த ஆறு கார்டை அப்படியே நம்பி, ஏ மைனருக்கு முன்னால் ஈ மைனர் போட்டால் ஏ-க்குத் திரும்பும்போது இழுவை இருக்காது. ஈ மேஜரோ ஈ செவன்த்தோ போடுங்கள்.