ஆளுமைத் தேர்வு: தமிழில் பேசுவதா, ஆங்கிலத்தில் பேசுவதா?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தேறி, ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்முகத்துக்காக டெல்லிக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள், நாளிதழ்களையும் சொந்த மாவட்டத்தின் புள்ளிவிவரங்களையும் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வியை மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275 மதிப்பெண், மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் ஷாஜகான் சாலை தோல்பூர் மாளிகையில் நடக்கும் அந்த அரைமணி நேர உரையாடலில்தான் இருக்கிறது. மொழியை அத்தனை எளிதாக விட்டுவிட முடியாது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். தேர்வைத் தமிழில் எழுதியவர்கள்தான் தமிழில் பேசலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியவரும், கட்டாய இந்திய மொழித் தாளாகத் தமிழை எடுத்திருந்தால், நேர்முகத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழில் எழுதியவருக்கும் ஆங்கிலத்தில் பேச வழி உண்டு.

ஆங்கிலத்தின் பெரிய வலிமை, கேள்வி கேட்கும் குழுவுக்கும் உங்களுக்கும் நடுவே யாரும் இல்லை என்பது. உங்கள் தயக்கம், உறுதி, சிறு புன்னகை எல்லாம் நேராகப் போய்ச் சேரும். பொறியியல், மருத்துவம் படித்து, பாடத்தை ஆங்கிலத்திலேயே யோசித்துப் பழகியவர்களுக்கு இதுவே நல்லது. இலக்கணம் அங்கங்கே இடறுவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் சிலம்பம் என்று எழுதிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிலம்பத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் நான்கு வரியாக அவர் மனப்பாடம் செய்திருப்பார். முதல் கேள்விக்கு அது போதும். "கம்பின் நீளத்தை எப்படி முடிவுசெய்வீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதையே தமிழில் கேட்டால், ஆடுபவரின் நெற்றி உயரம் என்று கையை உயர்த்திக் காட்டி, ஏன் அந்த அளவு என்றும் விளக்கிவிடுவார். அறிவு இருந்தும் அது வெளியே வராமல் போவதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.

தமிழைத் தேர்ந்தெடுத்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடனிருப்பார். இதற்கென்று தனிப் பயிற்சி தேவை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூச்சு விடாமல் இரண்டு நிமிடம் பேசினால், மொழிபெயர்ப்பில் பாதி உதிர்ந்துவிடும். இரண்டு மூன்று சிறிய வாக்கியங்கள், பிறகு ஒரு நிறுத்தம் என்று பழக வேண்டும். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போக வேண்டும். பழமொழியும் சிலேடையும் அக்கரை சேராது. 'நிதிக் குழு', 'கூட்டாட்சி' போன்ற சொற்களுக்கு ஆங்கிலப் பெயரையும் கூடவே சொல்லிவிடுவது பாதுகாப்பு. மொழிபெயர்ப்பில் பொருள் மாறிவிட்டது என்று தெரிந்தால், பணிவோடு உடனே திருத்துங்கள். அதற்காவது ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வேண்டும். தமிழில் பேசுவதால் ஆங்கிலத்தை அடியோடு விட்டுவிடலாம் என்பதில்லை. பார்வை எப்போதும் கேள்வி கேட்ட உறுப்பினர் மேல் இருக்கட்டும், மொழிபெயர்ப்பாளர் மேல் வேண்டாம்.

மொழிபெயர்ப்பு நேரத்தைத் தின்கிறது என்பது உண்மை. ஆனால், கேள்வி மொழிபெயர்ந்து வருவதற்குள் யோசிக்கச் சில நொடிகளும் கிடைக்கின்றன. பதற்றப்படும் இயல்புள்ளவருக்கு அந்த நொடிகள் பெரிய துணை.

என் தீர்ப்பு இதுதான்: தமிழில் தேர்வு எழுதியவர், "ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு" என்ற கூச்சத்துக்காக மட்டும் மொழி மாறக் கூடாது. ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் ஊரைப் பற்றி ஒரு நண்பரை விடாமல் ஐந்து துணைக் கேள்விகள் கேட்கச் சொல்லி, இரு மொழிகளிலும் பதிவு செய்யுங்கள். முதல் பதிலை ஒதுக்கிவிட்டு நான்காவது, ஐந்தாவது பதில்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். எதில் நீங்கள் இன்னும் நீங்களாக இருக்கிறீர்களோ அதுவே உங்கள் மொழி.

அது தமிழ் என்றானால், மாதிரி நேர்முகத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்பாளர் நாற்காலியிலும் ஒருவரை உட்காரவைக்கும்படி கேளுங்கள். ஆள் இல்லை என்றால், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நண்பரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.