டம்ளர் பளபளக்கிறது, கரண்டிதான் இடிக்கிறது

டிஷ்வாஷர் விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று மஞ்சக்குப்பத்துத் தோழி கேட்டாள். எங்கள் வீடு லாஸ்பேட்டையில். புழக்கத்துக்கு போர் தண்ணீர்தான். ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததால் சொல்கிறேன்.

முதலில் நல்லது. கையால் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படிவம் எவர்சில்வர் டம்ளரில் இப்போது இல்லை. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மெஷினுக்குள் இருக்கும் ரெசின் என்ற பிசின் மணிகள் பிடித்துக்கொள்கின்றன. அந்த ரெசினைக் கழுவித் திரும்பத் தயார் செய்யத்தான் உப்பு. மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறதே, கல் உப்பைக் கொட்டினால் என்ன என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கூடாது. கடல் உப்பிலும் அதே கால்சியமும் மெக்னீசியமும் உண்டு. டிஷ்வாஷர் உப்பையே போடுங்கள். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப மெஷினில் உள்ள செட்டிங்கை மாற்றி வையுங்கள்.

இனி என் கோபம். கீழ் அடுக்கு முழுக்கத் தட்டையான தட்டுகளை நிறுத்தவே கம்பி நட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் தட்டா அதிகம்? வாணலி, குண்டான், சொம்பு! சாம்பார் கரண்டியைக் கூடையில் நிறுத்தினால், மேல் அடுக்குக்கு அடியில் சுற்றித் தண்ணீர் பீச்சும் விசிறியில் காம்பு இடிக்கிறது. விசிறி நின்றுவிட்டால் மேலே இருக்கும் டம்ளரெல்லாம் அழுக்காகவே வரும். அதனால் நீளக் கரண்டிகளை மேல் அடுக்கில் படுக்க வைக்கிறேன், அங்கே டம்ளருக்கு இடம் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் மூடும் முன் விசிறிகளைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

வாணலியைக் கீழே, வாய் கீழ்நோக்கிக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். கிண்ணத்துக்குள் கிண்ணம் சொருகினால் உள்ளது கழுவாது. கத்தியின் முனை கீழே பார்க்கட்டும். பாத்திரம் நிறைந்த இரண்டு அடுக்கையும் ஒரே நேரத்தில் வெளியே இழுக்காதீர்கள், மெஷின் முன்பக்கம் சாயும். முன்கூட்டியே கழுவத் தேவையில்லை. ஆனால் மீன் முள்ளையும் கறிவேப்பிலையையும் வழித்துக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஃபில்டரில் போய் அடைக்கும். முடிந்ததும் கீழ் அடுக்கை முதலில் எடுங்கள். மேலிருந்து சொட்டும் தண்ணீர் காய்ந்த பாத்திரத்தில் விழாது.

அலுமினிய இட்லித் தட்டு உள்ளே போனால் கறுத்துவிடும். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டி சோப்பைக் குடித்துவிடும். ஆக, தொட்டியில் எப்போதும் கொஞ்சம் பாத்திரம் கிடக்கும்.

தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு மெச்சியும், என்னிடம் உள்ள இந்த மாடலை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு எதைப் பார்க்கப் போனாலும் உங்கள் வாணலியையும் சாம்பார் கரண்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே வைத்துப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.